கூண்டுக்கிளியும் அமானிதமும்: இல்லங்களில் சிறுகிளி வளர்ப்பு

தமிழ் இலக்கியத்தில் கிளி பெற்றுள்ள இடம் பெரிது. கிள்ளை என்றும் தத்தை என்றும் அதனை நம் புலவர்கள் பாராட்டி அழைத்தனர். குறிஞ்சி நிலத்துத் தலைவி தினைப்புனம் காக்கும்போது தட்டை, தழல், குளிர் முதலிய கருவிகளைக் கொண்டு கிளியோட்டிய காட்சியைச் சங்கப் பாடல்களில் காண்கிறோம். பிற்காலத்தில் அதே கிளி காதல் தூது செல்லும் தகுதியையும் பெற்றுவிட்டது. பலபட்டடைச் சொக்கநாதப் புலவரின் அழகர் கிள்ளைவிடு தூது இதற்குத் தக்க சான்றாகும். புனத்தில் விரட்டப்பட்ட பறவை இல்லத்திற்குள் வந்து, பேசப் பழகி, மனத்துயர் சொல்லும் தோழியாகவே ஆகிவிட்டது எனலாம்.

இன்றும் நம் ஊர்களில் வீட்டு முற்றத்திலும் மாடிப்படியின் அடியிலும் கிளிக்கூண்டுகள் தொங்கக் காண்கிறோம். பெருநாள் காசு கையில் சேர்ந்ததும் சிறுவர்கள் முதலில் ஓடுவது பறவைக் கடைக்குத்தான். சென்னையில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குச் சென்றோர், அங்கே வண்ண வண்ணச் சிறுகிளிகள் கூண்டு கூண்டாக விற்கப்படுவதைக் கண்டிருப்பர். அக்கிளிகள் எங்கிருந்து வந்தவை, எதை உண்பவை, எப்படி இனம் பெருக்குபவை என்பவற்றை வாங்குவோர் பெரும்பாலும் கேட்பதில்லை, விற்போரும் சொல்வதில்லை. விலங்கியலார் எழுத வேண்டிய இப்பொருளைத் தமிழ்த்துறையைச் சார்ந்த நாம் எடுத்துக்கொள்வதற்கு எம் இல்லத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் பிள்ளைகள் ஒரு ஜோடிச் சிறுகிளிகளை வாங்கி வந்தனர். வந்த நாள்முதலே உம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. "வாயில்லா ஜீவனை அடைத்து வைக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ரமலான் மாதத்தின் கடைசிப் பத்தில் ஒருநாள், நன்மையை நாடி, அவர்கள் சொற்படியே மாடிக்குச் சென்று கூண்டைத் திறந்துவிட்டோம். இரு பறவைகளும் தடுமாறிப் பறந்து அடுத்த வீட்டு வேப்பமரத்தில் அமர்ந்தன. சிறிது நேரத்தில் காகங்கள் சூழ்ந்துகொண்டன. மஃக்ரிபுக்கு முன் நீலப் பறவை மரத்தடியில் இறந்து கிடந்தது. பச்சைப் பறவையை அதன்பின் நாம் காணவே இல்லை. அன்று நோன்பு திறந்தபின் உம்மா கேட்ட கேள்வி இன்றும் எம் செவியில் ஒலிக்கிறது: "அடைத்தாலும் பாவம், திறந்தாலும் சாவு. அப்படியென்றால் என்னதான் செய்வது?"

அக்கேள்விக்கு விடை தேடிப் படித்தவையும், பறவை வளர்ப்போரிடம் கேட்டறிந்தவையும், பின்னர் வளர்த்து நேரில் கண்டவையுமே இக்கட்டுரையாக அமைகின்றன.

பெயரில் ஒரு மயக்கம்

நம் நாட்டில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் பறவைகளுள் மிகப் பெரும்பாலானவை உண்மையில் லவ் பேர்ட்ஸ் அல்ல. அவற்றின் பெயர் பட்ஜரிகர். வளர்ப்போர் சுருக்கமாகப் பட்ஜி என்பர். தலை முதல் வால் நுனி வரை சுமார் 18 சென்டிமீட்டர் நீளமும், 30 முதல் 40 கிராம் எடையும் உடைய சிறு கிளி இது. ஜோடியாக அமர்ந்து ஒன்றன் தலையை மற்றொன்று கோதிவிடும் இயல்பு கண்டு நம்மவர் இதற்குக் காதற்பெயரைச் சூட்டிவிட்டனர் போலும்.

அறிவியலார் லவ் பேர்ட்ஸ் என்று வழங்குவது வேறோர் இனத்தை. அதில் 9 வகைகள் உள்ளன. எட்டு வகைகள் ஆப்பிரிக்கப் பெருநிலத்துக்கும் ஒன்று மடகாஸ்கர் தீவுக்கும் உரியவை. குட்டையான வாலும் தடித்த அலகும் கொண்ட இவற்றை நம் கடைக்காரர்கள் 'ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்' என்று பிரித்துச் சொல்வர். தலையில் கொண்டையும் கன்னத்தில் செம்மஞ்சள் வட்டமும் உடைய காக்டெயில் மூன்றாவது வகை. இதுவும் பட்ஜரிகரைப் போலவே ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது.

பெயர் மயக்கம் சிறு செய்தியன்று. ஆப்பிரிக்க லவ் பேர்ட்ஸ் வலிய அலகும் சண்டைக் குணமும் கொண்டவை. பெயர் ஒன்றே என்றெண்ணி அவற்றைப் பட்ஜரிகருடன் ஒரே கூண்டில் விட்டு, மறுநாள் காலையில் கால் கடிபட்ட பட்ஜரிகரைக் கண்டு வருந்துவோர் பலர். இக்கட்டுரையில் இனி நாம் பேசப்போவது பெரும்பாலும் பட்ஜரிகர் பற்றியதேயாகும்.

பிறந்த மண்ணும் வந்த வழியும்

பட்ஜரிகரின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதி. அதன் பெயரே அந்நாட்டுத் தொல்குடி மக்களின் மொழியிலிருந்து வந்தது. 1805ஆம் ஆண்டு ஜார்ஜ் ஷா என்னும் அறிஞர் இப்பறவையை முதன்முதலில் அறிவியல் முறைப்படி விவரித்தார். 1840இல் ஜான் கூல்ட் என்னும் பறவையியலார் உயிருள்ள பறவைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். ஐரோப்பாவில் அவை கூண்டிலேயே எளிதாகக் குஞ்சு பொரித்தமையால் விரைவில் உலகெங்கும் பரவின. ஆஸ்திரேலியா தன் நாட்டுப் பறவைகளை வணிகத்திற்காக வெளியே அனுப்புவதை நெடுங்காலமாகத் தடைசெய்துள்ளது. எனவே நம் வீட்டுக் கூண்டில் இருக்கும் பட்ஜரிகர் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டதன்று. அதன் தாயும் கூண்டில் பிறந்தது. தாயின் தாயும் கூண்டில் பிறந்தது. இந்த உண்மையை நினைவிற் கொள்ளல் வேண்டும்; உம்மாவின் கேள்விக்குரிய விடையின் ஒரு பாதி இதில் உள்ளது.

தாயகத்தில் இப்பறவைகள் ஆயிரக்கணக்கில் கூட்டமாகப் பறந்து திரிகின்றன. ஓரிடத்தில் தங்கி வாழ்வதில்லை. எங்கே மழை பெய்து புல் விளைந்து விதை முற்றுகிறதோ அங்கே செல்கின்றன. அவ்விளைச்சலைக் கண்டதும் மரப்பொந்துகளில் முட்டையிடத் தொடங்குகின்றன. விதை தீர்ந்ததும் இனப்பெருக்கமும் நிற்கிறது. பஞ்ச காலம் இப்பறவைக்கு ஓய்வுக் காலமும் ஆகும். இச்செய்தியின் பயன் பின்னர் விளங்கும்.

நிறங்களின் கதை

காட்டில் வாழும் பட்ஜரிகருக்கு ஒரே நிறந்தான்: பச்சை உடல், மஞ்சள் முகம், முதுகில் கருவரிகள். கூண்டில் பிறந்தவற்றிலோ நீலம், மஞ்சள், வெள்ளை, சாம்பல் எனப் பல நிறங்களைக் காண்கிறோம். கடைக்காரர் சாயம் ஏற்றிவிட்டாரோ என ஐயுறுவோரும் உளர். இது இயற்கையான மரபுமாற்றமே.

பச்சை நிறம் இரண்டின் சேர்க்கையால் தோன்றுகிறது. ஒன்று சிறகிலுள்ள மஞ்சள் நிறமி. மற்றொன்று சிறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறச் செய்வதால் தோன்றும் நீலம். மஞ்சள் நிறமி இல்லாது பிறக்கும் குஞ்சு நீலமாகத் தெரியும். கருநிறமி இல்லாது பிறந்தால் மஞ்சளாகத் தெரியும். இரண்டும் இல்லையேல் வெள்ளை. மஞ்சள், நீல வகைகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஐரோப்பியக் கூண்டுகளில் தோன்றிவிட்டன. நீலம் ஒடுங்கு பண்பு ஆதலால், பச்சைப் பறவைகள் இரண்டும் நீலத்தை மறைவாகச் சுமந்திருப்பின், சராசரியாக நான்கு குஞ்சுகளுள் ஒன்று நீலமாகப் பிறக்கும். பச்சைப் பெற்றோருக்கு நீலக் குஞ்சு பிறந்த விந்தை இதனால்தான்.

ஆண், பெண் பிரித்தறிய அலகின் மேற்புறத்து மூக்குச் சதையைப் பார்க்க வேண்டும். முதிர்ந்த ஆணுக்கு அது நீலமாகவும் பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும். வெள்ளை, முழு மஞ்சள் வகை ஆண்களுக்கு மட்டும் அது இளஞ்சிவப்பாகவே நின்றுவிடும். வயதறிய நெற்றியைப் பார்க்க வேண்டும். இளம் பறவைக்குக் கருவரிகள் மூக்குவரை இறங்கியிருக்கும். மூன்று, நான்கு மாதங்களில் முதல் சிறகுதிர்வின்போது அவை நீங்கி நெற்றி தெளிவாகும்.

கூண்டும் உணவும்

கூண்டு உயரமாக இருப்பதைவிட நீளமாக இருப்பதே நன்று; இப்பறவை கிடையாகப் பறப்பது. ஒரு ஜோடிக்கு இரண்டடி நீளமேனும் வேண்டும். கம்பிகளின் இடைவெளி அரை அங்குலத்துக்கு மிகலாகாது. மிகின் தலை சிக்கிக்கொள்ளும். புதிய துத்தநாகப் பூச்சுக் கம்பிவலையைக் காடி நீரால் தேய்த்துக் கழுவி, காயவைத்த பின்னரே பயன்படுத்த வேண்டும். பறவை கம்பியைக் கொறிக்கும்போது அப்பூச்சு வயிற்றுக்குள் சென்று நஞ்சாகும். உட்காரும் குச்சிகள் ஒரே பருமனாக இல்லாமல் வேம்பு, கொய்யா ஆகியவற்றின் கிளைகளாக இருப்பின் பாதங்களுக்கு நலம். கிளியின் பாதத்தில் இரு விரல்கள் முன்னும் இரு விரல்கள் பின்னும் அமைந்துள்ளன. தடிப்பு மாறும் கிளையைப் பற்றுவதே அதற்கு இயல்பான பயிற்சி. கூண்டை நேர்வெயிலிலும் மின்விசிறியின் கீழும் வைத்தல் கூடாது. எலி, பூனை, பாம்பு ஆகியவற்றுக்கு எட்டாத உயரமும், எறும்பு ஏறாதபடி தாங்கியின் கால்களுக்கு நீர்க்கிண்ணமும் வேண்டும்.

உணவு பற்றிப் பேசுகையில் தமிழ் பயின்றோர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. பட்ஜரிகருக்கு நம் கடைகளில் விற்கும் முதன்மை உணவு தினையேயாகும். கிளி தின்றுவிடும் என்று அன்றைய குறமகள் பகலெல்லாம் காத்து நின்ற அதே தினையை, இன்று நாம் கிலோக்கணக்கில் வாங்கிவந்து கடல் கடந்த கிளிக்கு ஊட்டுகிறோம்! தினையுடன் சாமை, கம்பு ஆகியவற்றையும் கலந்து கொடுக்கலாம். தானியம் மட்டும் போதாது. கொத்தமல்லித் தழை, முருங்கைக்கீரை, துருவிய கேரட், முளைகட்டிய பயறு ஆகியவற்றை நாள்தோறும் சிறிதளவு கொடுத்தல் வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓட்டைக் கூண்டில் கட்டித் தொங்கவிட வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் அலை ஒதுக்கும் ஓடுகளைப் பொறுக்கிவந்து, பலமுறை நன்னீரில் ஊறவைத்து உப்பு நீக்கி, வெயிலில் காயவைத்தால் அதுவே போதும். வெண்ணெய்ப் பழம் என்னும் அவகாடோ, சாக்லேட், வெங்காயம், தேநீர், காப்பி ஆகியன இப்பறவைகளுக்கு ஆகா. அவற்றுள் வெண்ணெய்ப் பழமும் சாக்லேட்டும் உயிரையே பறிக்கக் கூடியவை.

இவ்விடத்தில் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். பட்ஜரிகர் தானியத்தை உமி நீக்கி உண்ணும். உமி கிண்ணத்திலேயே விழும். மாலையில் பார்ப்போர்க்குக் கிண்ணம் நிரம்பி இருப்பதாகவே தோன்றும். 'இன்னும் இருக்கிறதே' என்று விட்டுவிடுவர். உண்மையில் அது உமி மட்டுமே. இவ்வளவு சிறிய உடலுடைய பறவை ஓரிரு நாள் பட்டினியையே தாங்காது. நிரம்பிய கிண்ணத்தின் முன்னே பசியால் இறந்த பறவைகள் எத்தனையோ! நாள்தோறும் கிண்ணத்தை எடுத்து உமியை ஊதிப் பார்த்தல் சிறு செயலாயினும் உயிர்காக்கும் செயலாகும்.

குஞ்சு பொரித்தல்

பட்ஜரிகர் கூடு கட்டுவதில்லை. காட்டில் மரப்பொந்து, நம் இல்லங்களில் பக்கவாட்டில் துளையிட்ட மண்கலயம். கலயத்தைக் கட்டிய சில நாட்களில் பெட்டை உள்ளே சென்று பார்க்கும். ஆண் தான் உண்ட இரையை மீட்டெடுத்து அதற்கு ஊட்டும். பின்னர் ஒருநாள் விட்டு ஒருநாளாக நான்கு முதல் ஆறு முட்டைகள் இடும். அடைகாப்பது பெட்டை மட்டுமே. ஒவ்வொரு முட்டையும் ஏறக்குறைய 18 நாட்களில் பொரிக்கும். அதுவரை ஆண் கலயத்தின் வாயிலில் வந்து இரை ஊட்டிக்கொண்டிருக்கும். இக்காட்சியைக் காணும் சிறுவர்க்கு இல்லறக் கடமை பற்றித் தனிப்பாடம் நடத்த வேண்டுவதில்லை.

குஞ்சுகள் இறகின்றி, கண் திறவாது பிறக்கும். கண் திறக்கப் பத்து நாட்களாகும். ஐந்து வார அளவில் கலயத்தை விட்டு வெளிவரும். அதன்பின்னும் ஒரு வாரத்திற்கு மேல் தந்தையே ஊட்டும். முட்டைகள் ஒருநாள் விட்டு ஒருநாள் பொரிப்பதால், ஒரே கலயத்தில் மூத்த குஞ்சுக்கும் இளைய குஞ்சுக்கும் பத்து நாள் வேறுபாடு இருக்கக் கூடும். இளையது நசுங்கிப்போகவோ பட்டினி கிடக்கவோ நேரலாம். ஆதலின் நாளுக்கொரு முறை மெல்லக் கலயத்தைப் பார்த்து, கழுத்தடியில் உள்ள இரைப்பை நிறைந்துள்ளதா என்று கவனிக்க வேண்டும். இக்காலத்தில் அவித்த முட்டை, ஊறவைத்த தானியம், கீரை ஆகியவற்றை மிகுதியாகக் கொடுப்பது அவசியம்.

முன்னர்ச் சொன்ன மழைச் செய்தி இங்கே பயன்படுகிறது. ஆஸ்திரேலியக் காட்டில் விதை தீர்ந்ததும் இனப்பெருக்கம் நின்றுவிடும் என்றோம். நம் வீட்டிலோ தினைக் கிண்ணம் ஆண்டு முழுதும் நிறைந்திருக்கிறது. கலயமும் ஆண்டு முழுதும் தொங்குகிறது. பறவைக்கு அது முடிவில்லாத மழைக்காலமாகத் தோன்றுகிறது. ஆகவே பெட்டை ஓயாது முட்டையிடுகிறது. ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் அதன் எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தே செலவாகிறது. இறுதியில் முட்டை உள்ளேயே அடைத்துக்கொண்டு, கூண்டின் தரையில் சிறகு குலைந்து அமர்ந்து, ஓரிரு நாளில் இறந்துபோகிறது. 'நன்றாகக் குஞ்சு பொரித்த பறவை திடீரென்று செத்துவிட்டதே' என்று வியப்போர், அது திடீர்ச் சாவன்று என்பதை உணர்வதில்லை.

பெட்டைக்குப் பத்து மாதமேனும் நிரம்பிய பின்னரே கலயம் கட்ட வேண்டும். ஆண்டுக்கு இரு ஈட்டுக்கு மேல் விடலாகாது. இரண்டாம் ஈட்டுக் குஞ்சுகள் வெளிவந்ததும் கலயத்தை இறக்கிவிட வேண்டும். ஒரே ஈட்டில் பிறந்தவற்றை ஜோடி சேர்த்தலும் ஆகாது. நலிந்த குஞ்சுகளே பிறக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, பிறக்கும் குஞ்சுகளைப் பேணுதற்கு உரிய இல்லம் உண்டா என்பதை முதலில் எண்ண வேண்டும். ஈட்டுக்கு ஐந்து என்றால் ஆண்டுக்குப் பத்து. அப்பத்தும் யார் வீட்டுக்குச் செல்லும்? விடை தெரியாதவர் கலயமே கட்டாதிருத்தல் நன்று. கலயம் இல்லையேல் பெரும்பாலும் முட்டையும் இல்லை. கலயமில்லாக் கூண்டிலும் இப்பறவைகள் துணையோடு மகிழ்ந்து வாழும்.

பேசப் பழக்க விரும்புவோர் இளம் ஆண் குஞ்சு ஒன்றைத் தம்மோடு அணுக்கமாக வளர்ப்பர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாழ்ந்த பக் என்னும் பட்ஜரிகர் 1,728 சொற்கள் அறிந்ததாகக் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. எனினும் கூட்டமாக வாழப் பிறந்த பறவையைத் தனியே வைத்திருப்பவர், அதற்குத் தாமே துணையாகி நாள்தோறும் நேரம் ஒதுக்கியாக வேண்டும். அதற்கு இயலாதவர் ஜோடியாக வளர்ப்பதே அறம்.

பிணியும் காப்பும்

நோயுற்ற பறவை தன் நோயை மறைக்கும். வலுவிழந்ததைக் காட்டிக்கொண்டால் காட்டில் பகைக்கு இரையாக வேண்டும் என்பதால் அமைந்த இயல்பு அது. ஆகவே சிறகை உப்பிக்கொண்டு, பகலில் கண் மூடி, கூண்டின் தரையில் அமர்ந்திருக்கும் பறவை ஏற்கெனவே மிகவும் நலிந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். அதனைத் தனிக்கூண்டில் வைத்து, குண்டு பல்பின் வெதுவெதுப்பு கிடைக்கச் செய்து, தாமதியாது கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும். அலகிலும் கண்ணைச் சுற்றியும் தேன்கூடு போன்ற வெண்பொருக்கு தோன்றினால் அது நுண்ணிய உண்ணியின் வேலை. மருத்துவர் தரும் மருந்தால் எளிதில் குணமாகும்.

பறவையின் நுரையீரல் நம்முடையதைப் போன்றதன்று. காற்றுப் பைகளின் துணையோடு காற்று அதனுள் ஒரே திசையில் தொடர்ந்து பாய்கிறது. பறத்தற்கு வேண்டிய உயிர்வளியை அது அவ்வாறே நிறையப் பெறுகிறது. அதே காரணத்தால் நச்சுப்புகையும் அதனுள் விரைந்து ஏறிவிடுகிறது. ஒட்டாத பூச்சுப் பூசிய வாணலி அடுப்பில் அளவுக்கு மீறிக் காய்ந்தால் எழும் ஆவி, நமக்குத் தெரியாமலே அடுத்த அறையிலுள்ள பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கொசுவர்த்திச் சுருளும் நன்றன்று. வியாழன் மாலையில் வீடெங்கும் சாம்பிராணி போடும் வழக்கமுள்ள இல்லங்களில், அவ்வேளையில் கூண்டை வெளித்தாழ்வாரத்திற்கு மாற்றிவிடுதல் நல்லது.

வளர்ப்போர்க்கும் காப்பு வேண்டும். கிளிகளிடமிருந்து மனிதர்க்குப் பரவும் கிளிக்காய்ச்சல் என்னும் நோய் ஒன்றுண்டு; காய்ந்த எச்சத்தின் தூசு மூச்சில் கலப்பதால் வருவது. கூண்டைத் துப்புரவு செய்யும்போது எச்சத்தை நீர் தெளித்து நனைத்த பின்னரே சுரண்டுதல், முகத்தைத் துணியால் மூடிக்கொள்ளல், முடிந்ததும் சோப்பால் கை கழுவுதல் ஆகியன போதிய காப்பாகும். ஆஸ்துமா உள்ளவர் உறங்கும் அறையில் கூண்டு வைத்தல் கூடாது.

நாட்டுச் சட்டமும் மார்க்க நெறியும்

நம் நாட்டுச் செந்தார்ப் பைங்கிளியைப் பலர் இன்றும் கூண்டில் வைத்திருக்கின்றனர். இது குற்றம் என்பதைப் பலர் அறியார். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதனைப் பாதுகாக்கப்பட்ட பறவையாகக் கொள்கிறது. பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் தண்டனைக்குரியன. பனையின் பொந்திலிருந்து கண் திறவாத குஞ்சுகளை எடுத்துவந்து சந்தையில் விற்கும் வழக்கத்தால் தாய்ப்பறவைகள் படும் துன்பம் சொல்லுந்தரமன்று. பட்ஜரிகர் அயல்நாட்டுப் பறவை ஆதலால் இத்தடைக்கு உட்படாது. எனினும் அச்சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியல்களில் இடம்பெற்ற அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். பட்ஜரிகரும் காக்டெயிலும் அப்பட்டியல்களில் இல்லை. ஆப்பிரிக்க லவ் பேர்ட்ஸில் பெரும்பாலான வகைகள் உள்ளன. வாங்குமுன் கேட்டறிதல் கடமை.

மார்க்கம் என்ன கூறுகிறது? பறவைகளும் நம்மைப் போன்ற சமூகங்களே என்று திருக்குர்ஆன் 6ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனம் உணர்த்துகிறது. ஹதீஸ்களில் மூன்று நிகழ்ச்சிகள் ஈண்டு நோக்கத்தக்கவை.

அனஸ் (ரலி) அவர்களின் தம்பியாகிய அபூ உமைர் என்னும் சிறுவர் சிறு பறவையொன்றை வைத்து விளையாடி வந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைக் காணும்போது அப்பறவையைப் பற்றி அன்போடு விசாரித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இப்னுல் காஸ் என்னும் ஷாஃபிஈ அறிஞர் இந்த ஒரு ஹதீஸிலிருந்தே சுமார் 60 பயன்களை வகுத்துத் தனியே எழுதினார். பறவை வளர்த்தல் ஆகும் என்பதற்கு அறிஞர் பலர் காட்டும் ஆதாரம் இதுவே.

இரண்டாவது, அபூதாவூத் நூலில் வருவது. பயணத்தில் தோழர் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டனர். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபிகள் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் தாயிடமே திருப்பித் தரும்படி பணித்தார்கள். பனம்பொந்துக் கிளிக்குஞ்சை விலைக்கு வாங்குவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, பூனையை அடைத்து வைத்த பெண்ணைப் பற்றியது. அவள் அதற்கு உணவும் தரவில்லை. தானே இரை தேடிக்கொள்ள விடவும் இல்லை. அதன் பொருட்டு அவள் நரகம் புகுந்தாள் என்று அறிவிக்கப்படுகிறது. அடைத்து வைத்தவர் மீது உணவின் பொறுப்பு முழுமையாக வந்து விழுகிறது என்பதே இதன் கருத்து. உமி நிறைந்த கிண்ணத்தைப் பார்த்துவிட்டு நகரும் நம் அசட்டையை இதனோடு வைத்து எண்ணினால் நெஞ்சம் நடுங்குகிறது.

முதல் ஹதீஸ் அனுமதி, இரண்டாவது எல்லை, மூன்றாவது பொறுப்பு. சட்டமும் இதே கோட்டில்தான் நிற்கிறது என்பது மகிழ்ச்சிக்குரியது.

உம்மாவின் கேள்விக்கு விடை

மௌலானா ரூமியின் மஸ்னவியில் ஒரு வணிகனின் கிளிக்கதை உண்டு. வணிகன் இந்தியாவுக்குச் சென்று அங்குள்ள கிளிகளிடம் தன் கூண்டுக்கிளியின் நிலையைச் சொல்கிறான். கேட்ட கிளியொன்று செத்ததுபோல் விழுகிறது. திரும்பிவந்து அதைச் சொன்னதும் வீட்டுக்கிளியும் அவ்வாறே விழுகிறது. இறந்ததென்று எண்ணி அவன் வெளியே எடுத்துப் போட, அது பறந்து விடுதலை பெறுகிறது. ஆன்ம விடுதலைக்கு அருமையான உவமை. ஆனால் அக்கிளிக்குப் பறந்து செல்ல ஒரு தாயகம் இருந்தது. நம் பட்ஜரிகருக்கு அது இல்லை. காகத்தை அறியாது, இரை தேட அறியாது, தன்னினக் கூட்டமும் இங்கில்லை. மனிதன் பல தலைமுறைகளாகத் தன் வசதிக்கேற்பப் பெருக்கிய உயிர் அது. அதனைத் திறந்துவிடுவது, நடக்க இயலாதவரை நடுவீதியில் இறக்கிவிடுவதற்கு ஒப்பாகும். அன்று மாடியில் நாம் செய்ததும் அதுதான். இரக்கம் இருந்தது, அறிவு இல்லை. அறிவில்லா இரக்கம் கொடுமையாக முடியும் என்பதை ஒரு நீலப் பறவையின் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

ஆகவே விடை இதுவே: வாங்காதிருப்பது நம் விருப்பம், வாங்கிய பின் காப்பது நம் கடமை. கூண்டிலுள்ள பறவை நம் உடைமையன்று, அமானிதம். ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை வாழக்கூடிய அவ்வுயிருக்கு, அத்தனை ஆண்டும் காலையில் உமி ஊதிப் பார்க்க ஒரு கை இருக்குமா என்று கேட்டுக்கொண்ட பின்னரே கடைக்குச் செல்ல வேண்டும். வளர்ப்பைத் தொடர இயலாத நிலை வந்தால், திறந்துவிடாமல், பேணத் தெரிந்த ஒருவர் கையில் ஒப்படைக்க வேண்டும்.

நண்பர் ஒருவர் ஊர் மாறிச் சென்றபோது ஒப்படைத்த ஒரு ஜோடி இப்போது எம் இல்லத்தில் உள்ளது. இரண்டாம் ஈட்டு முடிந்ததும் கலயத்தை இறக்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டோம். காலையில் பஜ்ரு தொழுகை முடிந்ததும் முதலில் கூண்டருகே செல்பவர் உம்மாதான். கிண்ணத்தை எடுத்து உமியை ஊதுகிறார்கள், தினை இடுகிறார்கள், நீரை மாற்றுகிறார்கள். அடைத்து வைக்கலாமா என்று அதன்பின் அவர்கள் கேட்கவில்லை. "இன்றைக்குக் கீரை வாங்கி வந்தாயா?" என்று மட்டும் நாள்தோறும் கேட்கிறார்கள்.